தினமும் ஒரு பாக்கெட்

"மாமா, கடைசியா கேக்கறேன். குண்டனுக்கு பிஸ்கட் கொடுத்தீங்களா, இல்லையா?"

நாய் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பறை. பூனைக் கூடையோடு வந்தவர், காலில் கட்டுப் போட்ட நாயோடு வந்த தம்பதி, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல," என்றார் மாமனார்.

அவர் மடியில் வீட்டு நாய் குண்டன் படுத்திருந்தான். பேர்தான் குண்டன். சர்க்கரை வியாதியில் உடம்பு வற்றி, கண்ணில் வேறு புகை படர ஆரம்பித்திருந்தது.

"கொடுக்காம சர்க்கரை எப்படி ஏறும்? ஆகாசத்துலேர்ந்தா குதிக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள் விடுவாளா? பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ஒரு வகுப்பையே ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவள். குண்டனுக்கு வேளை தவறாமல் இன்சுலின் போடுவதும் அவள்தான். தன் பக்கம் குறையே இல்லை என்றால் தப்பு வேறு யாருடையதாம்? நாய்ப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் அவருக்குச் சட்டமே போட்டிருந்தாள். இன்றைக்குத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமே என்றுதான் கூட்டி வந்தாள்.

உள்ளே போனதும் முதல் வேலையாகப் புகார்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க இவருக்கு. திருட்டுத்தனமா தீனி போட்டே கொன்னுடுவார் போலிருக்கு."

டாக்டர் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது இன்னிக்கு சர்க்கரையைச் சொல்ற டெஸ்ட் இல்ல. ரத்தத்துல இருக்கற புரதத்தோட எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கிட்டிருக்குன்னு பாக்கறது. ரெண்டு மூணு வாரமாவே ரொம்ப அதிகம். ஒண்ணு ரெண்டு பிஸ்கட்டுக்கெல்லாம் இப்படி ஏறாது. இப்படியே விட்டா பார்வை போயிடும்."

அவள் பக்கம் திரும்பினார். "ஊசி யார் போடறது?"

"நான்தான்."

"தினமும்?"

"தினமும் ரெண்டு வேளை."

"மருந்தை ஃப்ரிட்ஜ்லதான் வெக்கறீங்களா? ஊசி சரியா உள்ள இறங்குதா? நடுவுல விட்டுப் போகலையே?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. உதவிக்கு நின்ற பெண் வேறு வேடிக்கை பார்த்தாள். யாரைப் பார்த்து என்ன கேள்வி!

"டாக்டர்," என்றார் மாமனார் திடீரென்று. "நான்தான் கொடுத்தேன். ஒண்ணு ரெண்டு இல்ல. தினமும் ஒரு பாக்கெட்."

"பாத்தீங்களா டாக்டர்! இப்பதான் வெளியில சத்தியம் பண்ணினார். வயசுக்கேத்த மாதிரியா நடந்துக்கறார்?"

"சரி, இருக்கட்டும். அந்த சிரிஞ்சைக் காட்டுங்க."

மகாராணி மாதிரி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கொடுத்தது இது இல்லையே?"

"அது தீர்ந்துபோச்சு. மாமாவுக்கும் சர்க்கரைதான். அவரோட சிரிஞ்ச் வீட்டுல நிறைய இருந்துது. ரெண்டும் இன்சுலின் ஊசிதானேன்னு..."

"மேடம், இது மனுஷங்க மருந்துக்கு. அதுல மில்லிக்கு நூறு யூனிட். குண்டனுக்குக் கொடுத்த மருந்து அவ்வளவு அடர்த்தி இல்ல, மில்லிக்கு நாப்பதுதான். இந்த சிரிஞ்சுல பத்துன்னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது நாலு யூனிட். பாதி மருந்துகூடப் போகல, பாவம்."

கரைசலின் செறிவு! போன வாரம்தான் இந்தக் கணக்கில் கோட்டை விட்ட மாணவியை, "இதுகூடவா தெரியாது?" என்று வகுப்பு நடுவில் கிழிகிழியென்று கிழித்திருந்தாள்.

அவமானம் பிடுங்கித் தின்றது. குண்டனின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"சரியான சிரிஞ்சுல போட்டுட்டு வாங்க. இருக்கற பார்வையையாவது காப்பாத்தப் பாக்கலாம்," என்றார் டாக்டர்.

வெளியே அதே பூனைக் கூடை, அதே தம்பதி. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வாசலுக்கு வந்தாள்.

"மாமா... நீங்க பிஸ்கட் கொடுக்கவே இல்லதானே?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் கொடுத்தேன்னு சொன்னீங்க?"

"அந்த டாக்டர் உன்னை நிக்க வெச்சுக் கேள்வி மேல கேள்வியா கேட்டாரு." குண்டனைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "நாலு பேர் முன்னாடி அப்படி நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கே இப்பதானேம்மா தெரிஞ்சுது."