இரண்டு டேக்குகளுக்கு நடுவே

"பதினோரு தடவை உக்காந்து பேசினேன் மாமா! ஒரு தடவைகூட நீங்க எடுக்கலையா?"

தங்கை கேட்டது தன் அக்காவின் கணவரான மாமாவிடம். அவர் மேசைமேல் இருந்த கேமராவை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

கணினி முன்னால் இருந்தவள் அக்கா. வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்து இது நான்காவது நாள். இணையத்தில் மூன்று பாடங்கள் முடித்திருந்தாள். எடுத்ததை மென்பொருளுக்குள் கொண்டுவரவும், ஃபோல்டர் போட்டுப் பிரிக்கவும் தெரியும். 'நல்லது', 'பரவாயில்லை', 'வேண்டாம்' என்று மூன்று ஃபோல்டர்களைத் தயாராக வைத்துவிட்டுத்தான் மெமரி கார்டைச் செருகினாள்.

பதினோரு கிளிப்புகள் வந்து உட்கார்ந்தன. ஒன்றிலாவது தங்கை கேமராவைப் பார்த்துப் பேச வேண்டுமே! தண்ணீர் குடித்தாள். முகம் துடைத்தாள். பக்கவாட்டில் திரும்பி மாமாவைத் திட்டினாள். ஒவ்வொரு கிளிப்பும் மாமாவின் "சரி, கட்" என்ற குரலில் தொடங்கியது. அடுத்த "ரெடி, ஆரம்பி" வந்ததும் முடிந்துபோனது; கடைசி ஒன்று மட்டும் கேமராவை அணைக்கும்வரை ஓடியது.

"புரிஞ்சுபோச்சு," என்றாள் அக்கா. "முதல் தடவை பட்டன் சரியா அழுந்தலை. அதுக்கப்புறம் எல்லாமே தலைகீழ். இவ பேசறப்ப கேமரா தூங்குது, இவ மூச்சு விடறப்ப ஓடுது."

"சிவப்புப் புள்ளி எரியும்னு சொன்னேனே மாமா! கண்ணாடிக் கடையில உக்காந்து ஊர்க் கண்ணையெல்லாம் சரிபண்றீங்க. ஒரு புள்ளி உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"வெயில்ல தெரியலம்மா," என்றார் மாமா.

"ரூமுக்குள்ள என்ன வெயில்?"

மணி மூன்றரை. ஐந்து மணிக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதற்குப் பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கிறார்கள். 'இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்?' என்று இரண்டு நிமிடம் பேசி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்து வயதுவரைதான். தங்கைக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு.

"போன்ல இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார் மாமா.

"ஐயோ சாமி, ஆளை விடுங்க. அந்த லென்ஸைப் பாத்தாலே எனக்கு என் பேரே மறந்துபோகுது. காலையில என்ன பேசினேன்? 'வணக்கம், நான்...' அப்புறம்?"

"'நான் வந்து... நான் வந்து...'" என்று எடுத்துக்கொடுத்தார் மாமா.

"அதேதான். பதினொண்ணையும் ஒட்டியிருந்தா எப்படியோ ரெண்டு நிமிஷம் தேறியிருக்கும். அதுலயும் மண்ணு."

அவள் போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அக்கா பதினொன்றையும் மொத்தமாகப் பிடித்து 'வேண்டாம்' ஃபோல்டரில் போட்டாள். பிறகு மனம் கேட்கவில்லை. முழுக்கப் பார்க்காமல் எதையும் ஒதுக்காதே என்று மூன்றாம் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

ஐந்தாவது கிளிப். மாமாவின் குரல்: "சரி, கட். ஆமா, உனக்கு எதுக்கும்மா அவ்வளவு உயரத்துல போய் உக்காரணும்?"

திரையில் தங்கை தலைமுடியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே திரும்பினாள்.

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? ஆறு வருஷமா எங்க பேக்கிங் ரூம் ஜன்னல்ல துறைமுகத்துக் கிரேனையேதான் பாத்துட்டிருக்கேன். மேல ஒருத்தர் இருக்கார். முகம்கூடத் தெரியாது. வீடு மாதிரி பெரிய பெட்டியை, தூங்கற குழந்தையைப் படுக்க வைக்கற மாதிரி இறக்குவார். காத்து அடிச்சா பதற மாட்டார். பெட்டி ஆடி அடங்கறவரைக்கும் காத்திருப்பார். நானும் இங்க டேப்பைக் கையில வச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுட்டு நிப்பேன். போன வாரம் புதுசா ஒருத்தன் வந்தான், அவசரக்குடுக்கை. 'பொறு, பொறு'ன்னு ஜன்னல்ல நின்னு கத்தறேன். அவனுக்கு எங்க கேக்கும்? எப்ப விடணும், எப்ப பிடிக்கணும்னு என் கைக்குத் தெரியுது மாமா. ஏறி உக்காரத்தான் யாரும் விடல."

கட்டிலில் படுத்திருந்தவள் எப்போது எழுந்து வந்தாள் என்று அக்கா கவனிக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இது நானா?"

"பின்ன, நானா?" என்ற அக்கா, அந்தக் கிளிப்பை இழுத்து 'நல்லது' ஃபோல்டரில் போட்டாள்.

எட்டாவதிலும் ஒரு துண்டு கிடைத்தது. மாமாவின் குரலையும், தங்கை அவரைத் திட்டியதையும் வெட்டினார்கள். சரியாக ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. நாலு நாற்பதுக்கு அனுப்பினார்கள். 'உங்கள் வீடியோ கிடைத்தது' என்று பதில் வந்தபோது தங்கை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"மாமா, உங்களை மாதிரி ஒரு தத்தி உலகத்துல கிடையாது! அந்தக் கைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்!"

"அடுத்த தடவை பட்டனைச் சரியா பாத்து அழுத்தறேன்மா," என்று பணிவாகச் சொன்னார் மாமா.

அக்கா கணினியை மூடுமுன், பாடத்தில் சொன்னபடி கிளிப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கினாள். கேமரா எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் அது தானாகவே ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போகும். காலையில்தான் புதுக் கார்டைப் போட்டார்கள். ஒன்றிலிருந்து பதினொன்றுவரை இருக்க வேண்டும்.

திரையில் இருந்தவை இரண்டு, நான்கு, ஆறு என்று இருபத்திரண்டு வரை. அக்கா மெல்லத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள்: அவர் ஒன்றையும் எடுக்காமல் விடவில்லை, தங்கை தடுமாறிய பதினொன்றை மட்டும் அழித்துவிட்டுத்தான் கார்டைக் கொடுத்திருக்கிறார்.