நாடகப் பாடம்

பதினொன்றாம் வகுப்பில் ஜெனிஷா நாடகத்தை விருப்பப் பாடமாக எடுத்தபோது, பள்ளி ஒரு சம்மதப் படிவத்தைக் கொடுத்தது. வகுப்பில் பதிவாகும் அவள் முகத்தையும் குரலையும் பள்ளி வெளியாருக்குக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது.

"எல்லாரும் போட்டுட்டாங்கம்மா. இல்லன்னா நாடகம் கிடையாது" என்றாள். அம்மா சகாயராணி கையெழுத்துப் போட்டாள்.

மறு வருடம் சகாயராணி தன் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்தாள். மகளிடம் சொல்லவில்லை. முடிவைக் கேட்கப் போன அன்று, நாகர்கோவில் மருத்துவமனையில் அவளை ஒரு சிறிய அறையில் திரைக்கு எதிரே உட்கார வைத்தார்கள்.

திரையில் ஜெனிஷா தோன்றினாள்.

"வணக்கம் அம்மா. உங்க ரிசல்ட் வந்திருக்கு. புற்றுநோய்தான். மூணாவது கட்டத்துல இருக்கு." சொல்லும்போதே அவள் கண்கள் நிறைந்தன.

"மக்ளே, நீ எப்படி இங்க?" சகாயராணி எழுந்து திரையைத் தொட்டாள்.

"உங்க கேள்வி புரியல அம்மா. மறுபடி சொல்றீங்களா?"

திரையிலிருந்து கையை எடுக்காமல் நின்றவளை நர்ஸ் வந்து பிடித்துக்கொண்டாள். "இது கம்ப்யூட்டர் பேசுறதும்மா. இந்தப் பிள்ளை முகத்துல சொன்னா யாரும் ரொம்ப உடைஞ்சு போறதில்ல. அதான் இவளையே வச்சிருக்கோம்" என்றாள்.

சாயங்காலம் ஜெனிஷா பள்ளியிலிருந்து வந்ததும் சகாயராணி நோயைப் பற்றி மட்டும் சொன்னாள். மகள் உதடு துடிக்க, அழுதபடி கட்டிக்கொள்ள வந்தாள். சகாயராணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நெசமாத்தான் அழுறியா மக்ளே?"