வாளிக்குள் நாலு போன்

"நாலு போனும் வாளிக்குள்ள இருக்கட்டும். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டவன், தொடாதவன் துணியை ஒரு மாசம் துவைக்கணும்!"

ஹாஸ்டல் அறையின் மூத்தவனான பெரிசு, பந்தயம் கட்டும்போதே சார்ஜரைப் பார்த்துக் கண்ணடித்தான். எந்நேரமும் போனைச் சுவர் பிளக்கில் செருகி, அதிலேயே மூழ்கிக் கிடப்பதால் அந்த அறைத் தோழனுக்குச் சார்ஜர் என்று பட்டப்பெயர்.

"இப்பவே சோப்பு வாங்கி வச்சுக்கடா!"

வாளி சிணுங்கச் சிணுங்க, முதலில் பாய்ந்தவன் குட்டையன். அடுத்து கண்ணாடிக்காரன், ஸ்கோர் பார்க்க. கடைசியில் பெரிசுக்கே கை பரபரத்தது. அம்மா கூப்பிட்டிருப்பாள் என்று சாக்குச் சொல்லி எடுத்துவிட்டான்.

சார்ஜரோ கட்டிலில் சம்மணமிட்டு, தன் அக்கா கார் ஓட்டப் பழகிய கதையைச் சொல்லி எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். கதை பாதியில் இருக்கும்போதே மணி அடித்தது.

"குளிக்கக்கூட போனோட போறவனாச்சே! எப்படிடா ஜெயிச்ச?"

சார்ஜர் தன் போனை எடுத்து நீட்டினான். பெரிசு அழுத்தி அழுத்திப் பார்த்தான். திரை இருட்டாகவே கிடந்தது.

"அது செத்து ஒரு மாசமாச்சு."

"அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினான் குட்டையன்.

பெரிசுக்கு வேறு சந்தேகம். "அப்ப தினமும் அதுல என்னத்தடா பார்த்த?"

"ஒண்ணுமில்ல. நீங்க மூணு பேரும் குனிஞ்சே இருக்கீங்க. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து யார் மூஞ்சியப் பார்க்கிறது?"

பெரிசு தன் போனை மறுபடி வாளிக்குள் போட்டான். பின்னாலேயே மற்ற இரண்டும் விழுந்தன.

"உன் துணியெல்லாம் நாங்க துவைக்கிறோம், விடு. உங்கக்கா அப்புறம் எதுல போய் மோதினாங்க, அதைச் சொல்லுடா!"