எட்டாவது ஃபேடர்

செத்தவர்களைக்கூடப் பாட வைக்கிற ஸ்டூடியோ ஓசூரிலேயே தன்னுடையது ஒன்றுதான் என்று, பேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பரமசிவம் டீக்கடையில் அளந்துவிட்டார். ஆர்க்கெஸ்ட்ரா நஞ்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கம்ப்யூட்டரில் பாட்டு மிக்ஸ் செய்ய, பெங்களூரில் பழைய மிக்ஸிங் பலகை ஒன்றைத்தான் பரமசிவத்தால் வாங்க முடிந்தது. குரலை ஏற்றி இறக்க, மேலும் கீழும் தள்ளுகிற எட்டு ஃபேடர்கள்; அவற்றைத் தானாக நகர்த்த உள்ளே மோட்டார். எட்டாவதன் கீழே டேப் ஒட்டி, செத்துப்போன தங்கை பூங்கொடியின் பெயரை எழுதினார். அவள் உயிரைக் கொடுத்துப் பாடிய பாட்டில் அவள் குரலை அமுக்கி, தன் குரலை ஏற்றி சிடி போட்டவர் நஞ்சப்பன்.

ஓசி மிக்ஸிங் என்றதும் நஞ்சப்பன் புதுப்பாட்டோடு வந்துவிட்டார். பாட்டில் மொத்தம் ஏழு டிராக்குகள். ஓடவிட்டதும் நஞ்சப்பன் குரலின் ஃபேடர் இறங்கியது. டிராக்கே இல்லாத எட்டாவது ஏறியது. ஸ்பீக்கரில் பூங்கொடி பாடினாள்.

“யோவ், உள்ளாற ஏதோ பண்ணி வெச்சிருக்கற!”

“நீயே பலகையோட கரண்ட் ஒயரப் புடுங்கிப் பாருப்பா.”

நஞ்சப்பன் பிடுங்கினார். தன் ஃபேடரை இரண்டு கையாலும் மேலே தள்ளினார். அது சாவகாசமாக இறங்கியது. பரமசிவத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நஞ்சப்பன் ஒயரைக் கீழே போட்டார்.

“அன்னிக்கு எறக்குனது நாந்தான்யா. இப்ப ஏத்தறது அவதான்.”