ஏரிப் பக்கத்து வைப்பர்

கிசுமு நகரத்தில், ஆட்களை ஏற்றிப்போகும் மட்டாட்டு வேன்களை ஏரியோரத்தில் இறக்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுதான் கழுவுவார்கள். ஏரி நத்தையின் புழு கால் தோல் வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். ஆனாலும் வேறு பிழைப்பு கிடையாது. ஒரு வேனுக்கு இரண்டு பேர்: கரைப் பக்கம் ஒட்டியாட்டோ, ஏரிப் பக்கம் ஒபுரா. தன் பாதி முடிந்ததற்கு அடையாளமாக ஒபுரா அந்தப் பக்கத்து வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுவான். போன மழையில் ஒபுரா ஏரியில் மூழ்கிச் செத்தான். செத்தவனின் இடத்தில் நிற்க யாரும் வரவில்லை. ஒட்டியாட்டோவோடு உட்கார்ந்து சாப்பிடவும் ஆள் இல்லை.

புழுச் சோதனைக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அக்கேயோ ஊசியை உருவிவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணே, போன தடவ எடுத்ததுலயும் உங்ககிட்ட புழு இல்ல. முன்னெல்லாம் மாத்திரை குடுத்துக் குடுத்து எங்களுக்கே அலுத்துப்போச்சு."

"புழுவுக்கே என்னைப் பிடிக்கல போல."

"மாத்திரையில செத்த புழு சும்மா போறதில்லண்ணே. உடம்புக்கு அடையாளம் காட்டிட்டுத்தான் போகும். அப்புறம் புதுசா வர்றத உடம்பே தடுத்துடும்."

"செத்தது அவ்வளவு செய்யுமா?"

"செய்யும். மெதுவாத்தான்."

ஒட்டியாட்டோ தண்ணீரில் இறங்கி, கரைப் பக்கத்தை மட்டும் கழுவிவிட்டு வேனில் சாய்ந்து நின்றான்.

கரையிலிருந்து டிரைவர் கத்தினான். "யோவ், அந்தப் பக்கத்த உங்கப்பனா கழுவுவான்?"

"கொஞ்சம் பொறுங்க. கூட்டாளி மெதுவாத்தான் செய்வான்."

வேனுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சலசலத்தது. சற்று நேரத்தில் ஏரிப் பக்கத்து வைப்பர் எழுந்து நின்றது.

ஒட்டியாட்டோ சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. முன்பு ஒரு தடவை போய்ப் பார்த்தான். அன்றைக்கு அந்தப் பாதி அழுக்காகவே நின்றுவிட்டது.