காலி லாரியின் எடை

எண்பது வருஷத்து விமானக் கொட்டகைக்கு நான் கொடுத்த விலை, கிலோவுக்கு இருபத்தெட்டு ரூபாய். திண்டிவனம் பக்கத்தில் போர்க்காலத்தில் கட்டியது. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இருபது இரும்பு வளைவுகள்தான் அத்தனை பெரிய கூரையைத் தாங்கின.

காலி லாரியை எடை போடும்போது தார்ப்பாய்க்கு அடியில் ஓர் ஆளைப் படுக்கவைப்பது எங்கள் பழைய இரும்புத் தொழிலின் சாமர்த்தியம். காலி எடை கூடினால், ஏற்றும் இரும்பின் எடை கணக்கில் குறையும். எங்கள் ஆள் சுகுமார், அறுபத்திரண்டு கிலோ.

"என்னையே வித்தா எவ்ளோ தேறும், மொதலாளி?" என்று சிரிப்பான்.

முதல் வளைவை வெட்டிய அன்று, தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் போனவன் வெளியே வரவில்லை. இருந்தது ஒரே வாசல்; அதில் நான் நின்றிருந்தேன். போலீஸும் வந்து தேடியது.

மறுநாள் தார்ப்பாய்க்கு அடியில் யாருமில்லை. ஆனாலும் காலி லாரியின் எடைச் சீட்டில் அறுபத்திரண்டு கிலோ கூடுதலாக இருந்தது.

இதைக் கேள்விப்பட்டு சுகுமாரின் மனைவி சூர்யகலா தினமும் எடைமேடைக்கு வந்தாள். ஒரு வளைவு வெட்டினால் நாலு கிலோ குறைந்தது.

"இன்னிக்கி எவ்ளோங்க?"

"அம்பத்தி நாலு."

"எளைச்சிக்கினே போறாரு. வெட்றத நிறுத்துங்க மொதலாளி, உங்க கால்ல விழறேன்."

உடனே நிறுத்தவில்லை, முன்பணம் கொடுத்திருந்தேன். ஒன்பது வளைவுகள் மிச்சமிருக்கும்போதுதான் நிறுத்தினேன். அப்போது இருபத்திரண்டு கிலோ.

வெட்டுவது நின்றும் எடை குறைவது நிற்கவில்லை. சீட்டுகளை சூர்யகலா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். திங்கள்கிழமை பத்தொன்பது. செவ்வாய் பன்னிரண்டு. நேற்று ஐந்து.