நிறுத்தச் சொன்ன மாத்திரை

"டாக்டர், எங்கண்ணனுக்குக் குடுக்கிற அந்த மாத்திரையைக் கொஞ்சம் நிப்பாட்ட முடியுமா?"

டாக்டர் அனுஜா தலையைத் தூக்கிப் பார்த்தார். கெலுகோரில் இருக்கும் அந்த ஆராய்ச்சி மையத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும், எப்படியாவது எங்கள் ஆளையும் மருந்துச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கெஞ்சுவார்கள். நிறுத்தச் சொல்லி வந்தவர் மோகனராஜ் ஒருவர்தான்.

"ஏன், தலை சுத்துதுன்னு சொல்றாரா? வாந்தி ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். ரொம்ப நல்லா இருக்காரு. அதான் பயமா இருக்கு."

மறதி நோய்க்கான சோதனை மருந்து அது. மூளையில் இருக்கும் செல்கள் ஏதோ நெருக்கடியில் பதறிப்போய் வேலையை நிறுத்திவிடுகின்றன, அந்தப் பதற்றத்தைத் தணித்துவிட்டால் போன ஞாபகம் திரும்பலாம் என்று நம்பிச் செய்தது. எலிகளுக்குத் திரும்பிவிட்டதாம். எலிகளுக்கு அப்படி என்ன ஞாபகம் வைத்துக்கொள்ள இருந்தது என்று கேட்கக் கூடாது. மனிதர்களில் அதைச் சாப்பிட ஒப்புக்கொண்டவர்களில், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற வாசுவும் ஒருவர்.

சோதனையில் சேருகிறவர், தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு முறையும் கூட்டிவர வேண்டும். வாசு மனைவி பேரைச் சொல்லாமல் தம்பி பேரைச் சொன்னார். ஜுருவில் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, கடல் பாலம் தாண்டி வந்துபோகிறார் மோகனராஜ். அப்படிப்பட்ட தம்பி பேசுகிற பேச்சா இது?

"வீட்டு விலாசம்கூடச் சொல்லத் தெரியாம வந்தவரு. இன்னைக்குப் பேரப்பிள்ளைங்க பொறந்தநாள் வரைக்கும் சொல்றாரு. உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?" டாக்டரின் குரலில் சூடு ஏறியது. "சொத்துப் பிரச்சினை ஏதாவதா?"

"ஐயோ, சொத்தெல்லாம் இல்ல லா. கோயில் பிரச்சினை."

இந்தப் பதிலுக்கு டாக்டர் தயாராக இல்லை.

"கோயில் ஆண்டுக் கூட்டத்துல அண்ணன் தலைவர் பதவிக்கு நின்னாரு. நான் எதிர் டீம்ல இருந்தேன். மைக்கைப் பிடிச்சு அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதை உங்ககிட்ட சொல்றதுக்கே வாய் கூசுது. அண்ணன் தோத்துட்டாரு. அன்னையிலருந்து பேச்சுவார்த்தை கிடையாது. சொந்தக்காரங்க கல்யாணத்துல அவரு காலையில தாலி கட்டுற நேரத்துக்குப் போனா, நான் ராத்திரி விருந்துக்குப் போவேன். எங்கம்மா செத்தப்பகூட ஆளுக்கு ஒரு பக்கம் நின்னோம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவருக்கு இந்த நோய் வந்துச்சு. ஒருநாள் காலையில என் வீட்டு கேட்டைத் தட்டி, 'டேய், ரொட்டி சானாய் சாப்பிடப் போலாம் வா'ன்னாரு. சண்டையைச் சுத்தமா மறந்துட்டாருன்னு புரிஞ்சுபோச்சு. நேரா கோயிலுக்குப் போய்த் தேங்கா உடைச்சேன் டாக்டர்."

அண்ணனுக்கு நோய் வந்ததற்குத் தேங்காய் உடைத்த தம்பியை டாக்டர் இப்போதுதான் பார்க்கிறார்.

"இப்ப எல்லாம் வரிசையா ஞாபகம் வருது. போன வாரம் பழைய பக்கத்து வீட்டுச் சீனர் பேரு வந்துச்சு. நேத்து அந்தக் கோயில் செயலாளர் பேரு வந்துடுச்சு. அடுத்தது நான்தான்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அவர் சாப்பிடுறது மருந்தா, வெறும் மாவு மாத்திரையான்னு எனக்கே தெரியாது. சோதனை முடியிற வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க. நிறுத்தணும்னா அவர்தான் சொல்லணும். சரி, நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"மறந்துபோனவர்கிட்ட போய்க் கேட்டா, நாமளே ஞாபகப்படுத்துற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்." மோகனராஜ் தரையைப் பார்த்தார். "எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

"இன்னைக்கே கேட்டுடுங்க. ஞாபகம் வந்தப்புறம் கேட்டா, மாட்டிக்கிட்டுக் கேட்ட மாதிரி இருக்கும்."

வெளியே வராந்தா பெஞ்சில் வாசு கச்சாங் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கடலையாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மோகனராஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அண்ணனை இன்னொரு தடவை இழக்க அவருக்குத் தெம்பு இல்லை.

"அண்ணே, கோயில் கூட்டத்துல ஒருதடவை உங்களை நான்..."



"'வீட்டையே நடத்தத் தெரியாத ஆளுக்குக் கோயில் எதுக்கு'ன்னு சொன்ன," என்றார் வாசு, மென்றுகொண்டே. "நடுவுல மைக் வேற கீச்சுன்னு கத்துச்சு."

மோகனராஜுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"மன்னிச்சிடுங்கண்ணே. அது எப்பண்ணே ஞாபகம் வந்துச்சு?"

"போனாத்தானே வர்றதுக்கு? வீட்டு நம்பர் போச்சு, பேரன் பேரு போச்சு. அது மட்டும் ஒருநாளும் போகல."

"அப்ப, அன்னைக்குக் காலையில என் வீட்டுக்கு வந்து கூப்பிட்டது?"

வாசு பொட்டலத்தைத் தம்பி பக்கம் நீட்டினார்.

"எத்தனை தடவை உன் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருப்பேன் தெரியுமா? அண்ணன்காரன் நானா வந்து பேசினா என் மானம் என்னாவறது? எனக்கு மறதி நோய்னு டாக்டர் சொன்னாங்க பாரு, அன்னைக்குத்தான்டா உன்கிட்ட பேச எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுது."